கை வெட்டாத மூடி

மகனே,

நீ ஞாயித்துக்கிழமை போன்ல சொன்ன மாதிரியே செவ்வாய்க்கிழமை காலைல கோயிலுக்குப் போனோம், நானும் ஒன் அத்தையும். தேங்காய், பழம், வெத்தலை எல்லாம் வாங்கி, ஒன் பேரையும் நட்சத்திரத்தையும் துண்டுல எழுதிக் குடுத்தேன். ஐயர் துண்டைப் பாத்துட்டு "என்ன விசேஷம்?"னு கேட்டார். நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள அத்தை "பிள்ளைக்கு வெளிநாட்டுல வேலை கெடச்சிருக்கு சாமி"ன்னுச்சு. "அப்படியா, சந்தோசம். என்ன வேலை?"ன்னார். பாவம், அவர் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். அத்தை திரும்பி என் மூஞ்சியப் பாத்துச்சு. அப்புறம் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஐயர் கையில இருந்த தட்டை அப்படியே வாங்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன். இந்த வயசுல, அத்தனை சனம் பாக்க, செருப்புக்கூடப் போடாம ரோட்டுல நின்னேன். அர்ச்சனை நடக்கல. தேங்காய் ஒடைக்காம நம்ம அலமாரி மேல கெடக்கு. ஏன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன்லயே சொல்லலாமேன்னு நீ கேப்பே. போன்ல நீ பேசுவே, நான் "ம்"னு சொல்லுவேன், மழை பெய்யுதான்னு கேப்பே, பெய்யுதும்பேன், அத்தைகிட்ட குடுங்கம்பே. நமக்குள்ள அவ்வளவுதான் பழக்கம். அதனால எழுதுறேன். எழுதி ஒவ்வொரு பக்கமா போட்டோ பிடிச்சு அனுப்புறேன், கோணலா விழுந்தா பொறுத்துக்க. வேலைக்கு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடணும்னு சொன்னே. அதுக்கு முன்னால கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிடு. படிச்சிட்டுப் போட்டாலும் சரி, அது ஒன் கை. படிக்காம மட்டும் போடாத.

நீ சொன்னத அப்படியே திருப்பி எழுதுறேன், சரியான்னு பாத்துக்க. "ஆளில்லாத விமானம்ப்பா. மேலேயே நின்னு பாத்துக்கிட்டு இருக்கும். அதுல இருந்து விடுற சின்னக் குண்டு காத்துல ஆடாம, குறிச்ச எடத்துக்கே போறதுக்குப் பின்னால வால் இருக்கும். அந்த வால் டிசைன் பண்ற டீம்ல என்னப் போட்டிருக்காங்க." நீ சிரிச்சே. "பயப்படாதீங்கப்பா, நான் குண்டு செய்யல. வெறும் வால்தான்." அந்தக் கடைசி ரெண்டு வார்த்தையைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. நீ தப்பா ஒண்ணும் பேசிடல. இதே வார்த்தையை நான் ஒரு காலத்துல எனக்கே சொல்லிக்கிட்டவன், அதனாலதான்.

சின்ன வயசுல ஒனக்குப் பிளேன் பைத்தியம் பிடிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பழைய பேப்பர் கடையில படம் பொறுக்கி, கோதுமை மாவுப் பசை காச்சி, நோட்டுக் கொப்பியில ஒட்டுவே. பட்டறையில நான் பல்லேபொல ஆளுங்களுக்கு மொளகு காயப்போடுற தட்டு தட்டிக்கிட்டு இருப்பேன், நீ பக்கத்துல முக்காலியில ஒக்காந்து எனக்கு வகுப்பு எடுப்பே. முத முதல்ல துணியும் மரமுமாக் கெடந்த பிளேன்ல போனவன் கையாலயே குண்டைத் தூக்கிக் கீழ இருக்கிற குழிக்குள்ள போட்டான்னு சொன்னே. அடுத்த பெரிய சண்டையில நெட்டுக்குத்தலா எறங்கி வந்து போடுற பிளேன் வந்துச்சு, அது கால்ல காத்துல அலர்ற ஊதல் கட்டியிருந்தாங்க, குண்டு விழுறதுக்கு முன்னாலயே கீழ உள்ளவன் குலை நடுங்கணும்னு. அப்புறம் றெக்கைக்குக் கீழ ராக்கெட்டு வச்சு டாங்கிய வேட்டையாடுறது. அப்புறம் ஜெட். ஜெட் ரொம்ப வேகமாப் போனதால கீழ என்ன இருக்குன்னே தெரியலையாம், அதனால திரும்பவும் மெதுவாப் போற ஒண்ணைச் செஞ்சாங்க. பெரிய பீரங்கி ஒண்ணைச் செஞ்சிட்டு அதச் சுத்திப் பிளேனைக் கட்டுனாங்கன்னு நீ சொன்னப்ப நான் சுத்தியலைக் கீழ வச்சுட்டுக் கேட்டேன். ஓட்டுறவனுக்கு அடிபடக் கூடாதுன்னு அவன் ஒக்கார்ற எடத்துக்குக் கனத்த தகட்டுல தொட்டி மாதிரி அடிச்சாங்களாம். தகரக்காரன் நான், தகடு என்ன கனம், எப்படி வளைச்சான்னு ஒன்னையே திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒரு ஆளாவது கீழ இருந்தவனுக்கு என்ன தொட்டின்னு கேட்டோமா? நீ சின்னப் பிள்ளை. எனக்கு என்ன கேடு?

பெரியவனானப்பறம் நீ சொன்ன கணக்கு வேற. குண்டுக்குக் கண்ணு வச்சாங்க, வெளிச்சக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போகும். அப்புறம் மேல சுத்துற செயற்கைக்கோளைக் கேட்டுக்கிட்டுப் போகும். கடைசியில ஆளையே எறக்கிட்டாங்க. "ஒவ்வொரு தரமும் குறி சரியாகிட்டே வருதுப்பா, குறி சரியானா தேவையில்லாத ஆள் சாக மாட்டாங்க, அதனால நம்ம செய்றது ஒரு விதத்துல நல்ல வேலை"ன்னு நீ சொன்னே. இந்தப் பேச்சை நான் லேசா எடுத்துக்கல. நீ பொய் சொல்ற பிள்ளை இல்ல, மனசார நம்பித்தான் சொன்னே. ஆனா மகனே, அந்தக் கொப்பியில இருந்தது எல்லாம் மேல இருந்து பாத்த சரித்திரம். கீழ இருந்து கேட்ட சரித்திரம் நம்ம வீட்டுலயே இருந்துச்சு. வன்னியில சண்டைக்குள்ள இருந்துட்டு வந்த அத்தைகிட்ட நீ ஒரு தரம் "நெசமாவே பாத்திருக்கீங்களா அத்தை?"ன்னு கேட்டே, ஞாபகம் இருக்கா? "பாக்குறதுக்கு எங்க நேரம், காதாலதான் தெரியும்"னு சொல்லிட்டு, அரிசி பொடைச்சிக்கிட்டே ஒவ்வொண்ணாச் சொல்லுச்சு.

ஹெலிகாப்டர்னா முன்கூட்டியே சத்தம் வந்துடும், பங்கருக்குள்ள, அதான் பதுங்கு குழிக்குள்ள, போக நேரம் இருக்கும். காத்தாடி வச்ச சின்ன பிளேன் ரெண்டு தரம் சுத்திட்டுத்தான் குத்தும், அந்த ரெண்டாவது சுத்துக்குள்ள பிள்ளைங்களக் கூப்பிட்டுக்கணும். சாமான் ஏத்துற பெரிய பிளேன் பஸ் மாதிரி மெல்லமா வரும், பின்கதவைத் தொறந்து பீப்பாயை உருட்டி விடுவாங்க. அப்புறம் கிபிர்ங்கிற ஜெட் வந்துச்சு, அதுக்குச் சத்தமே பின்னாலதான், சத்தம் கேட்டா நீ பொழச்சிட்டேன்னு அர்த்தம். கடைசியா வந்தது ஆளில்லாத பிளேன், வண்டுன்னு சொல்லுவாங்க. அது ஒண்ணும் போடாது, ஞொய்யின்னு நாள் முழுக்கத் தலைக்கு மேல நின்னுக்கிட்டு இருக்கும், அது வந்து நின்னா வேற எதுவோ வரப்போகுதுன்னு தெரிஞ்சுக்கணும். பிளேன் மாற மாறப் பங்கரையும் மாத்தி வெட்டுனோம்னு சொல்லுச்சு. மொதல்ல வெறும் குழி, அப்புறம் வளைச்சு வெட்டுன குழி, அப்புறம் மேல பனைமரக் குத்தியும் மண்மூட்டையும். நீ அதையெல்லாம் கொப்பியில எழுதிக்கிட்டே. நான் வைஸ்ல ஒரு தகட்டைக் கவ்வ வச்சுட்டு அதையே அராவிக்கிட்டு இருந்தேன். அராவ ஒண்ணுமே இல்ல அதுல.

அத்தை ஏன் அங்க போச்சுன்னு ஒனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு ஒழுங்குக்காகச் சொல்றேன். நாங்க எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுல பொறந்தவங்க. எங்க அப்பா தேயிலைத் தூள் அரைக்கிற ஸ்டோர்ல தகர வேலைக்காரர். ஒன் அத்தை, என் அக்கா, பதினாலு வயசுலயே அந்த ஸ்டோர்ல வேலைக்கு நின்னுச்சு. ஒரு நாள் தூள் அள்ளுற தட்டோட வெளிம்பு அதோட உள்ளங்கையைக் கிழிச்சிடுச்சு. இன்னமும் அந்தத் தழும்பு இருக்கு, நீ சின்னதுல தடவிப் பாப்பே. அன்னைக்குச் சாயந்தரமே எங்க அப்பா ஒக்காந்து, வெளிம்புக்குள்ள கம்பி வச்சு மடிச்சு, சேர்ற எடத்துல நுனிய ரெண்டு தரம் உள்ளுக்குத் திருப்பி, மரச்சுத்தியால ஒரு தட்டு தட்டினார். கம்பி வச்சு மடிக்கிறது எல்லாத் தகரக்காரனுக்கும் தெரியும். நுனிய அப்படி ரெண்டு தரம் உள்ளுக்குத் திருப்புறது எங்க அப்பாவோட கை. அக்கா கைக்காக அவர் கண்டுபிடிச்சது. அவருக்கப்புறம் நான் ஒருத்தன்தான் அப்படி மடிக்கிறவன். தமிழாளுங்கள அடிச்ச கலவரத்துக்கப்புறம் இங்க இருக்கவே பயந்து அக்காவும் மச்சானும் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினாங்க. அங்கதான் ஒனக்கு ஒரு அத்தை மக பொறந்தா. பாப்பான்னுதான் கூப்பிட்டோம். நான் அவளை நேர்ல பாத்ததே இல்ல.

நான் மாத்தளை டவுன்ல பட்டறை போட்டு ரெண்டு மூணு வருசம் இருக்கும். ஒங்கம்மாவை அப்பதான் எனக்குப் பேசி முடிச்சிருந்தாங்க. ஒரு முதலாளி வேன்ல வந்து எறங்கினார். பேரு வேண்டாம், ஆளும் இப்ப இல்ல. நாப்பத்தஞ்சு கேலன் பீப்பாயோட வாய்க்குச் சரியா ஒக்கார்ற வட்டத் தகடு வேணும், அதுல நாலு தகட்டு எலை நிமிர்த்தி ரிவெட் அடிக்கணும்னார். என்னத்துக்குன்னு கேட்டேன். பண்ணையில ஒரம் கலக்குற பீப்பாய்க்குன்னார். பத்து நிமிசம் நம்பினேன் மகனே, நெசமாவே நம்பினேன். அப்புறம் கையில பென்சிலைப் பிடிச்சு வரையிறப்பவே தெரிஞ்சு போச்சு. கலக்குற எலைன்னா கொஞ்சம் சாய்ஞ்சு நிக்கணும், அப்பதான் தள்ளும். இவர் கேட்டது நேரா நிக்கிற எலை. நேரா நிக்கிற எலை எதையும் கலக்காது, காத்துல போற சாமானை ஆடாமப் பிடிக்கத்தான் அது. அந்த நேரத்துல வடக்குல பிளேன்ல இருந்து பீப்பாய் உருட்டுறாங்கன்னு ரேடியோவுல கேக்காத ஆள் கெடையாது. "முதலாளி, இது சாயணுமே"ன்னு மெதுவாச் சொன்னேன். அவர் சிரிச்சிக்கிட்டே என் தோள்ல கை வச்சார். "பாஸ், ஒங்க கை மாதிரி ஒரு கை மாத்தளையிலயே இல்ல. கேட்டதச் செஞ்சு குடுங்க, வேற எதுக்கு?"ன்னார்.

பயந்துதான் செஞ்சேன்னு சொல்லலாம். தமிழன், புதுப் பட்டறை, மாட்டேன்னா ஏன் மாட்டேன்னு கேப்பாங்க, அடுத்த நாளே பிடிச்சிட்டுப் போயிடுவாங்க. அது பொய் இல்ல. ஆனா அது பாதிதான். மிச்சப் பாதிய இவ்வளவு காலம் எனக்கே சொல்லிக்காம வச்சிருந்தேன், ஒனக்குச் சொல்றேன். அவர் ஒங்க கை மாதிரி ஒரு கை இல்லன்னு சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள குளுந்து போச்சு. லயத்துல பொறந்தவன், ஒரு பெரிய மனுசன் வேன்ல தேடி வர்றான், தோள்ல கை வைக்கிறான். அந்தக் குளுப்புலதான் செஞ்சேன். நான் குண்டு செய்யல, வெறும் மூடியும் வாலும்தானேன்னு சொல்லிக்கிட்டேன். இன்னும் கேளு. வெளிம்பை மடிக்க வேண்டாம்னுட்டார் அவர், நேரமாகும்னு. நான்தான் விடல. "தூக்குறவங்க கைய வெட்டிடும் முதலாளி"ன்னு சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் கம்பி வச்சு, நுனிய ரெண்டு தரம் உள்ளுக்குத் திருப்பி, அப்பா சொல்லிக் குடுத்த மாதிரியே மடிச்சுக் குடுத்தேன். என் மனசாட்சி அவ்வளவு அக்கறையான மனசாட்சி, பாத்துக்க. நம்ம பட்டறையில எந்தப் புது வேலைன்னாலும் முதல் சாமானுக்குச் சந்தனமும் குங்குமமும் வச்சுத்தானே வெளிய அனுப்புவோம். அந்த முதல் தகட்டுக்கும் நான் பொட்டு வச்சேன். கும்பிட்டேன்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல சேதி வந்துச்சு. மச்சானும் பாப்பாவும் போயிட்டாங்க, அக்கா மட்டும் இருக்குன்னு யாரோ ஒருத்தர் கைமாறிக் கைமாறி வந்த கடிதம். எப்படின்னு அதுல இல்ல. நான் பீரங்கி ஷெல்னு எடுத்துக்கிட்டேன். ஷெல்னு எடுத்துக்கணும்னு ஆசைப்பட்டேன்னு எழுதுறதுதான் சரி. ஒங்கிட்டயும் ஷெல்னுதான் சொல்லி வளத்தேன். சண்டையில வன்னி ரோடு மூடிக் கெடந்துச்சு, போகவும் முடியல, வரவும் முடியல. அதைவிட, ரோடு மூடிக் கெடக்குறது எனக்கு வசதியாவும் இருந்துச்சு.

ரோடு தொறந்து அக்கா வந்த அன்னைக்கு நீ என் கையப் பிடிச்சுக்கிட்டு பஸ் ஸ்டேண்ட்ல நின்னே, முதலாம் வகுப்புச் சட்டையோட. அக்கா எறங்குச்சு. ஒரு சீலை மூட்டை, அதுக்கு மேல கயித்தால கட்டுன ஒரு வட்டத் தகடு. இடம் மாறி இடம் மாறி ஓடுனப்பவும் அத விடாமத் தூக்கிக்கிட்டே திரிஞ்சிருக்கு. "குடு அக்கா, நான் தூக்குறேன்"னு வாங்கினேன். வாங்கின கையோட கட்டை வெரல் வெளிம்புல ஓடுச்சு. சேர்ற எடத்துல நின்னுச்சு. ரெண்டு மடிப்பு, ஒரு தட்டு. தகட்டுல நாலு வரிசையா ரிவெட் ஓட்டை, எலை பிஞ்சு போன தடம். அக்கா என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. "தண்ணிப் பீப்பாய்க்கு அளவெடுத்த மாதிரி ஒக்காருது தம்பி. கை வெட்டாத மூடி. யாரு செஞ்சானோ"ன்னுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்ல மூடிதான்"னு சொன்னேன். என் வாயாலயே சொன்னேன்.

அந்த மூடிதான் மகனே. நம்ம பின்வாசல் தண்ணிப் பீப்பாய்க்கு இத்தனை வருசமா கெடந்த மூடி. நீ கவுத்துப் போட்டு ரன்வேன்னு சொல்லிக் காகித பிளேன் ஓட்டின மூடி. ஒங்கம்மா தவறிப் போனப்பறம் ஒன்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, ஸ்கூலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனது அக்காவோட கை. அந்தக் கை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அந்த மூடியைத் தூக்கி வச்சிருக்கு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். பஸ் ஸ்டேண்ட்ல சொன்னதுதான், அதுக்கப்புறம் அக்கா என்னை ஒரு தரம்கூடத் தம்பின்னு கூப்பிடல. டீயக் கையில குடுக்காது, பெஞ்சுல வச்சுட்டுப் போகும். "அத்தைக்கு ஒங்க மேல என்ன கோவம்ப்பா?"ன்னு நீ கிண்டல் பண்ணுவே. பாவம், பட்ட கஷ்டம், மனசு கல்லாயிடுச்சுன்னு சொல்லி வச்சேன். அப்படித்தான் நானும் நெனச்சிக்கிட்டேன், இல்லன்னா எப்படித் தூங்குறது?

ஒரே ஒரு தரம் அக்கா அந்த நாளைப் பத்திப் பேசுச்சு, ஒனக்குக் காச்சல் வந்து மடியில கெடந்தப்ப. "முந்தியெல்லாம் பீப்பாய் தலைகுப்புற உருண்டு உருண்டு வரும், எங்கயாச்சும் காட்டுக்குள்ள போய் விழும். சனம் அதுக்குப் பெருசாப் பயப்படாது. அன்னைக்கு வந்தது மட்டும் நேரா வந்துச்சு"ன்னுச்சு. நீ குறி சரியாகிட்டே வருதுன்னு சொல்றப்பல்லாம் எனக்கு இதுதான் காதுல விழும். குறி சரியாத்தான் ஆச்சு மகனே. நான் வால் வச்சுக் குடுத்ததாலதான் நேரா வந்துச்சு. யாரோட குறிங்கிறதுதான் கேள்வி. அது வால் வைக்கிறவன் கையில இல்ல, ஒரு நாளும் இருந்ததில்ல. ஒன் கம்பெனியில நல்ல மனுசங்கதான் இருப்பாங்க. நம்ம முதலாளியும் என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போன நல்ல மனுசன்தான்.

செவ்வாய்க்கிழமை கோயில்ல இருந்து த்ரீவீல் பிடிச்சு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அக்கா பின்வாசலுக்குப் போய், மூடியைத் தூக்கிச் செவத்துல சாத்தி வச்சுட்டு, அரிசி கழுவத் தண்ணி மொண்டுச்சு. நான் பின்னாலயே போய் நின்னேன். இதுக்கு மேல தள்ளிப்போட முடியல. "அக்கா, அந்த மூடி நான் செஞ்சது"ன்னேன்.

அக்கா அரிசியில இருந்து கையை எடுக்கல. "தெரியும்"னுச்சு.

படியில ஒக்காந்துட்டேன். "எப்போ தெரியும்?"னேன். அப்பதான் திரும்பி என்னைப் பாத்துச்சு. "அங்கயே தெரியும். பாப்பாவத் தேடி, பீப்பாய் விழுந்து சாஞ்சு கெடந்த வாழைக்குள்ள கையை விட்டுத் தொழாவினேன். தகடுதான் தட்டுப்பட்டுச்சு. எல்லாத் தகடும் கிழிச்சிச்சு, இது மட்டும் கிழிக்கல. வெளிம்பைத் தடவிப் பாத்தேன். அது என் கைக்காக அப்பா போட்ட மடிப்பு. ஒலகத்துல ரெண்டு பேருக்குத்தான் அது தெரியும். அப்பா அதுக்கு முன்னாலயே செத்துட்டாரு." அழுவும்னு பாத்தேன். அழல. "தெரிஞ்சும் ஏன் இங்க வந்தே அக்கா?"ன்னு நான்தான் அழுதேன். "எனக்கு வேற யாரு இருக்கா?"ன்னுச்சு. "ஏன் அதத் தூக்கிக்கிட்டு வந்தே?"ன்னேன். "நீ என்ன சொல்லுவேன்னு பாக்கத்தான். ஒன் கையில குடுத்துட்டு ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். நீ நல்ல மூடின்னு சொன்னே."

மன்னிச்சிரு அக்கான்னு சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன்னு ஞாபகம் இல்ல. அக்கா அரிசியை அடுப்புல வச்சுட்டு வந்து, "பிள்ளைக்கு எழுது. நீ எனக்குச் செஞ்ச மாதிரி அவனுக்குச் செய்யாத. நான் செத்தப்பறம் எழுதாத, இப்பவே எழுது"ன்னுச்சு. அவ்வளவுதான். மத்தியானம் டீயைப் பெஞ்சுல வச்சுட்டுப் போச்சு. எப்பவும் போலத்தான். சொல்லிட்டா எல்லாம் சரியாயிடும்னு யாராவது சொன்னா நம்பாத மகனே, சரியாகாது. நான் இத்தனை வருசம் எதை மறைச்சு வச்சேன்னு நெனச்சேனோ, அது மறைஞ்சே இருக்கல. எனக்கு மட்டும்தான் மறைஞ்சிருந்துச்சு.

ஒன்னை அந்த வேலைக்குப் போகாதன்னு சொல்ல எனக்கு அருகதை இல்ல. ஒன்னைப் படிக்க வச்சது இந்தப் பட்டறைதான், அந்த ஆர்டரும் இந்தப் பட்டறையில நடந்ததுதான். நீ போகலன்னா வேற ஒருத்தன் அந்த வாலைச் செய்வான், அதுவும் எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நெனச்சேன், நான் செய்யலன்னா கண்டியில ஒருத்தன் செய்வான்னு. செஞ்சிருப்பான். ஆனா அந்த வாழைக்குள்ள கெடந்திருக்கிறது அவன் மடிப்பா இருந்திருக்கும். என் அக்காவுக்குத் தெரியாத கையா இருந்திருக்கும். இதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரிஞ்ச நியாயம் ஒண்ணும் இல்ல. ஒன்னை யாராவது ஒன் மாதிரி கைகாரன் கெடையாதுன்னு தோள்ல கை வச்சுச் சொன்னா, அந்த எடத்துலயே நின்னு, அவன் என்னத்தைக் கேக்குறான்னு இன்னொரு தரம் பாரு. ஒன் குண்டு தேவையில்லாத ஆளைத் தொடாதுன்னு நீ சொல்றியே, அது நல்ல எண்ணம்தான். நானும் நல்ல எண்ணத்துலதான் வெளிம்பை மடிச்சேன்.

வெள்ளிக்கிழமை என்ன செஞ்சேன்னு அத்தைக்குப் போன் பண்ணிச் சொல்லு. எனக்கு வேண்டாம், அதுக்குச் சொல்லு. அர்ச்சனைத் தேங்காய் அது வரைக்கும் அலமாரி மேலயே கெடக்கட்டும், என்ன வேண்டிக்கிறதுன்னு எனக்கு இப்பத் தெரியல.

பழைய மூடி இப்ப பீப்பாய் மேல இல்ல. அக்காவே அதத் தொடச்சு, ஒரு சீலைத் துணியில சுத்தி, அதோட பொட்டிக்குள்ள வச்சிடுச்சு. பீப்பாயைத் தொறந்து போட முடியாதே, கொசு முட்டை போடும். அதனால நேத்து காலைல புதுத் தகடு ஒண்ணை அளவெடுத்து வட்டமா வெட்டினேன். வெளிம்புக்கு வைக்கக் கம்பியை எடுத்து நிமித்திக்கிட்டு இருந்தேன். அக்கா பட்டறை வாசல்ல வந்து நின்னுச்சு. அது பட்டறைப் பக்கமே வராது, ஒனக்குத் தெரியும்.

"மடிக்காத"ன்னுச்சு.

"கைய வெட்டிடும் அக்கா"ன்னேன்.

"வெட்டட்டும். என்னத்தைத் தொடுறோம்னு தெரிஞ்சு தொடட்டும்"னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு.

மடிக்கல. வெட்டுன வெளிம்போட அப்படியே பீப்பாய் மேல வச்சிருக்கேன். காலைல நான் தண்ணி மொள்ளப் போய் வெரலைக் கிழிச்சிக்கிட்டேன். நீ வீட்டுக்கு வந்தா பாத்துத் தொடு.

அப்பா